மாடியில் கேள்வி, கீழே பதில்

அந்த வீட்டில் கீழே மூத்த மருமகள் குடும்பம், மாடியில் இளைய மருமகள் குடும்பம். மாமியார் இரண்டுக்கும் பொது. காலைச் சாப்பாடு கீழே, மாலை டீ மாடியில் என்று அவராகவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். பத்து வருடமாக யாரும் யாரிடமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் ஓடிக்கொண்டிருந்த வீடு. இளையவளுக்கு வேலை கிடைத்த பிறகுதான் மூத்தவளுக்கு வயிற்றில் புகைச்சல் கிளம்பியது.

மூத்தவள் உள்துறை அமைச்சகத்தில், கேள்விப் பிரிவில் வேலை பார்த்தாள். நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் அரசாங்கத்தைக் கேட்கிற கேள்விகள் அந்தப் பிரிவுக்குத்தான் வந்து சேரும். காவல்துறை பற்றியவை ஒருவருக்கு, சிறைகள் பற்றியவை இன்னொருவருக்கு, குடியேற்றம் மூத்தவளுக்கு. கீழ் அலுவலகங்களை நச்சரித்து விவரம் வாங்க வேண்டும். விடையை எழுதி, அமைச்சர் கண்ணாடி போடாமல் வாசிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில் அச்செடுக்க வேண்டும். அதற்கு மேலும் யாராவது எழுந்து துணைக் கேள்வி கேட்டால் என்ன சொல்வது என்று தனித்தாளில் குறிப்பும் வைக்க வேண்டும். பன்னிரண்டு வருடத்தில் நான்கு அமைச்சர்கள் அவள் எழுதியதை வாசித்திருக்கிறார்கள். ஒருவர்கூட அவையில் மாட்டிக்கொண்டதில்லை. ஆனால் அவள் பெயர் எந்தத் தாளிலும் கிடையாது. வேலையில் சேர்ந்த அன்று, இங்கே நடப்பதை வெளியே பேசமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். வீட்டில் யாராவது கேட்டால், கோப்பு பார்க்கிறேன் என்பாள். புருஷனுக்கே அதற்கு மேல் தெரியாது. அவரும் கேட்டதில்லை.

இளையவள் ஓர் எதிர்க்கட்சி உறுப்பினரின் அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தாள். மனு கொண்டு வருகிறவர்களை உட்கார வைத்துக் குறை கேட்பது, அதிலிருந்து கேள்வி தயாரித்துக் கொடுப்பது, அதுதான் வேலை. அந்த உறுப்பினர் உதவியாளரைப் பற்றி நாலு பேரிடம் சொல்கிற மனிதர். பத்திரிகைக்காரர்களிடமே, இந்தக் கேள்வியைத் தோண்டி எடுத்தது எங்கள் அலுவலகப் பெண் என்று சொல்லிவிட்டார். அது ஒரு மூலையில் அச்சிலும் வந்தது. அன்றைக்கு மாமியார் அந்தத் துண்டை வெட்டி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டார். ஆறு மாதத்தில் டப்பா நிறைந்து இரண்டாவது டப்பா தேவைப்பட்டது.

ஒரே வீட்டில் ஒருத்தி கேள்வி எழுத, இன்னொருத்தி பதில் எழுதுவது சிக்கலாகப் போகக் கூடாது என்று மூத்தவள் தன் மேலாளரிடம் முறைப்படி எழுதிக் கொடுத்தாள். மேலாளருக்குப் பிரிவில் ‘காற்புள்ளி’ என்று பெயர். யார் என்ன எழுதிக் கொண்டுபோனாலும் இரண்டு காற்புள்ளியைச் சேர்க்காமல் அனுப்பமாட்டார். அவள் கடிதத்திலும் இரண்டைச் சேர்த்துக் கோப்பில் போட்டுவிட்டு, “வீட்ட வீட்டோட வச்சுக்குங்கம்மா, ஆபீஸ ஆபீஸோட வச்சுக்குங்க” என்றார்.

வைத்துக்கொள்ளத்தான் பார்த்தாள். வீடு விட்டால்தானே. மாலைச் செய்தியில் நாடாளுமன்றக் காட்சி வந்தால் மாமியார் எல்லோரையும் மாடிக்குக் கூப்பிடுவார். உறுப்பினர் எழுந்து கேட்பார். “நம்ம சின்னவ எழுதினது” என்பார் மாமியார். அமைச்சர் எழுந்து பதில் சொல்வார். அதை யார் எழுதியது என்று அந்த அறையில் யாரும் யோசிக்கமாட்டார்கள். “மழுப்பறான் பாரு” என்பார் மூத்தவளின் புருஷன். மூத்தவள் டீயை உறிஞ்சுவாள். மழுப்புவது எவ்வளவு கஷ்டம் என்று அந்த மனிதருக்கு என்ன தெரியும்.

இதெல்லாம்கூடப் போகட்டும். அவள் மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஒருநாள் பீரோ கண்ணாடி முன் நின்று, மாண்புமிகு தலைவர் அவர்களே என்று கையை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். என்னடி இது என்று கேட்டதற்கு, சித்தி மாதிரி கேள்வி கேட்கப் போகிறேன் என்றாள். பள்ளியில் ‘நான் வியக்கும் பெண்’ என்று கட்டுரை எழுதச் சொன்னார்களாம். சித்தியைப் பற்றி மூன்று பக்கம் எழுதி முதல் பரிசும் வாங்கி வந்திருந்தாள். மூத்தவள் மூன்று பக்கத்தையும் படித்தாள். எழுத்துப்பிழை இரண்டைத் திருத்தினாள். 

இந்தச் சமயத்தில்தான் அந்தக் கேள்வி வந்தது.

வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்க அனுமதி பெற்றவர்கள், தங்கள் மனைவியையோ கணவனையோ பிள்ளைகளையோ அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். அந்த விண்ணப்பங்களைப் பற்றிய கேள்வி அது. ‘கடந்த மூன்று ஆண்டுகளில் காரணம் குறிப்பிடாமல் நிராகரிக்கப்பட்ட குடும்ப விண்ணப்பங்கள் எத்தனை?’ கேட்டவர் பெயரைப் பார்த்ததுமே யார் எழுதியது என்று மூத்தவளுக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டாவது தடவை படித்தபோது அவள் கண் ஒரு சொல்லில் நின்றது. நிராகரிக்கப்பட்ட.

குடியேற்ற அலுவலகம் எதையும் காரணம் இல்லாமல் நிராகரிப்பதில்லை. நிராகரித்தால் காரணம் எழுதியாக வேண்டும், மேல்முறையீட்டுக்கும் இடம் கொடுத்தாக வேண்டும். அந்தத் தலைவலி எதற்கு என்று அங்கே ஒரு சுலபமான வழி வைத்திருந்தார்கள். விண்ணப்பத்தை அப்படியே உறையில் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ‘தங்கள் விண்ணப்பம் இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது.’ ஒற்றை வரி. ஏன் என்று இருக்காது. விண்ணப்பித்தவர் எதையாவது சேர்த்து மறுபடி அனுப்புவார். மறுபடி திரும்பி வரும். இது நிராகரிப்பு அல்ல. ஆகவே கேள்விக்குச் சரியான விடை, ஒன்றுமில்லை.

நியாயமாக அவள் என்ன செய்திருக்க வேண்டும் என்றால், உறுப்பினர் கேட்க வருவது திருப்பி அனுப்பியவற்றைத்தான் போலிருக்கிறது, அந்தக் கணக்கையும் சேர்த்துத் தரலாமா என்று கோப்பில் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். வேறு உறுப்பினர்களுக்கு அப்படி எழுதியிருக்கிறாள். இந்தத் தடவை பேனாவை எடுத்தாள், மூடியைத் திறந்தாள், பிஸ்கட் டப்பா ஞாபகம் வந்தது. ‘தற்போதைய வகைப்பாட்டின்படி, அவ்வாறு எதுவுமில்லை’ என்று எழுதினாள்.

அதோடும் நிற்கவில்லை. இளையவள் தன் உறுப்பினர் கையில் யாராவது ஒருவருடைய கடிதத்தைக் கொடுத்து அனுப்புவாள் என்று அவளுக்குத் தெரியும். துணைக் கேள்விக் குறிப்பில் இப்படி எழுதினாள்: உறுப்பினர் ஏதேனும் கடிதத்தைக் காட்டினால், அதை முழுவதும் வாசிக்கச் சொல்லவும். எழுதி முடித்ததும் நன்றாகச் சமைத்து இறக்கி வைத்த மாதிரி ஒரு திருப்தி. காற்புள்ளி படித்துவிட்டு, இதில் சேர்க்க எனக்கு இடமே இல்லை என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு முன் அப்படி வந்ததே கிடையாது.

கேள்வி அவைக்கு வந்த அன்று அவள் அதிகாரிகள் மாடத்தில், அமைச்சருக்குப் பின்பக்கம் உட்கார்ந்திருந்தாள். உறுப்பினர் கேட்டார். அமைச்சர் எழுந்து, தற்போதைய வகைப்பாட்டின்படி அவ்வாறு எதுவுமில்லை என்று சொல்லி உட்கார்ந்தார். உறுப்பினர் சிரித்துக்கொண்டே ஒரு கடிதத்தை எடுத்தார். என்னிடம் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் கடிதம் இருக்கிறது, நான்கு தடவை நிராகரிக்கப்பட்டவர், அமைச்சர் பொய் சொல்கிறாரா என்றார். அமைச்சர் குறிப்பைப் பார்த்துவிட்டு, கடிதத்தைத் தயவுசெய்து முழுவதும் வாசிக்கச் சொன்னார். உறுப்பினர் வாசித்தார். ‘திருப்பி அனுப்பப்படுகிறது’ என்று அவர் வாயாலேயே வந்தது.

“உறுப்பினரே பதிலையும் படிச்சிட்டாரு. நான் வேற எதுக்கு நிக்கணும்” என்றார் அமைச்சர்.

அவை சிரித்தது. ஆளுங்கட்சி வரிசைகளில் மேசையைத் தட்டினார்கள். உறுப்பினரின் காது சிவந்தது. பார்வையாளர் மாடத்தில் இளையவள் முதல் வரிசையில் இருந்தாள். மடியில் இருந்த நோட்டை மெதுவாக மூடினாள். மூத்தவள் அதைப் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள்.

அன்று மாலை மாமியார் வழக்கம்போல எல்லோரையும் கூப்பிட்டுவிட்டார். செய்தியில் அந்தச் சிரிப்பைத்தான் இரண்டு தடவை காட்டினார்கள். மாமியாருக்குப் புரியவில்லை. ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்டார். கேள்வி கொஞ்சம் தப்பாப் போச்சு அத்தை என்றாள் இளையவள். டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்று எந்தப் பேப்பரும் வெட்டப்படவில்லை.

மூத்தவள் படியிறங்கி வரும்போது கால் லேசாக இருந்தது. அதை ஒளிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, யாருக்கும் எதுவும் தெரியாது. சமையலறையில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். மறுநாள் காலை மாமியார் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னார்: சின்னவளை இனிமேல் கேள்வி எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம், கடிதங்களைப் பிரித்து அடுக்குகிற வேலை மட்டும்தானாம். பாவம், எங்கேயாவது பிசகியிருக்கும் என்றாள் மூத்தவள். குரல் எவ்வளவு நன்றாக வந்தது என்று அவளுக்கே ஆச்சரியம்.

அதே நாள் மதியம் வரவேற்பு மேசையிலிருந்து போன் வந்தது. ஒருவர் செய்தித்தாளோடு வந்து நிற்கிறார், நாடாளுமன்றத்தில் வந்த பதிலைப் பற்றியாம், யாரிடம் அனுப்புவது என்று தெரியவில்லை, யாராவது கீழே வர முடியுமா. கேள்விப் பிரிவில் இருப்பவர்கள் பொதுமக்களைப் பார்ப்பதில்லை. ஆனால் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் இறங்கிப் போனாள்.

முப்பத்தைந்து வயது இருக்கும். தேய்த்த சட்டை, நன்றாகப் படிய வாரிய தலை. விரல் நகங்களின் ஓரத்தில் கழுவினாலும் போகாத கறுப்பு மசகு. லிஃப்ட் மெக்கானிக் என்று அவர் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. செய்தித்தாளை எட்டாக மடித்து வைத்திருந்தார். அதைப் பிரித்து, அடிக்கோடிட்ட வரியை விரலால் காட்டினார்.

“மேடம், காரணம் சொல்லாம நிராகரிச்சது ஒண்ணுகூட இல்லைன்னு அமைச்சரே சொல்லிட்டாரு. எனக்கு யாரும் காரணம் சொல்லல. அப்ப என்னோடது நிராகரிக்கல, பாஸ் ஆயிடுச்சுன்னுதானே அர்த்தம். அவங்க எப்ப வரலாம்னு கேக்கத்தான் வந்தேன்.”

அவள் உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை. சந்தோஷமாக இருக்கிறவர்கள் உட்கார மாட்டார்கள். நேற்று மாலை ரேடியோவில் கேட்டதுமே மனைவிக்குப் போன் போட்டுவிட்டாராம். சொந்த ஊரில் மனைவி தான் இருந்த வாடகை அறையை இன்று காலையே காலி செய்துகொடுத்துவிட்டாளாம். மகளுக்கு ஏழு வயது, பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் எழுதி வாங்கியாகிவிட்டது. தையல் மெஷினைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாளாம், இங்கே வந்து புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்று. மூன்று வருடத்தில் மகளை அவர் பார்த்தது போன் திரையில்தான்.

மூத்தவள் அவருடைய உறையை வாங்கிப் பார்த்தாள். நான்கு கடிதங்கள். நான்கிலும் அதே ஒற்றை வரி.

“இன்னும் அனுமதி வரலைங்க” என்றாள்.

“பேப்பர்ல இருக்கே மேடம்.”

“அது வேற. இது திருப்பி அனுப்பினது. நிராகரிக்கல, அனுமதிக்கவும் இல்ல.”

அவர் கடிதத்தையும் செய்தித்தாளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழுதான இயந்திரத்தைப் பார்க்கிற மாதிரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ரெண்டுல எது சரி?”

“ரெண்டும் சரிதாங்க.”

“அப்ப நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டனா” என்றார். கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். செய்தித்தாளை மறுபடி எட்டாக மடித்தார். மனைவியிடம் இதை எப்படிச் சொல்வது என்று அவளிடமே கேட்டுவிடுவார் போல ஒரு நிமிடம் நின்றார். பிறகு நன்றி சொல்லிவிட்டுப் போனார். எதற்கு நன்றி என்று அவளுக்கு விளங்கவில்லை.

அவள் சாப்பிடப் போகவில்லை. பன்னிரண்டு வருடத்தில் தன் பதிலை நம்பி ஒருவர் வீட்டைக் காலி செய்வார் என்று அவள் நினைத்ததே இல்லை. அவள் எழுதுவதெல்லாம் எதிர்வரிசைக்காரர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும்தான் என்றும், அவர்கள் எப்படியும் எதையும் நம்பமாட்டார்கள் என்றும் நினைத்துக்கொண்டிருந்தாள். காற்புள்ளி வந்ததும் நடந்ததைச் சொல்லி, அமைச்சர் ஒரு விளக்கம் தரும்படி கோப்பு போடலாமா என்று கேட்டாள்.

“கேட்டதுக்குப் பதில் சொல்றதுதாம்மா நம்ம வேலை. கேக்காததுக்கும் பதில் சொன்னா அது வம்பு” என்று அவர் மேசை இழுப்பறையை மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மொட்டை மாடியில் இளையவள் காய்ந்த துணிகளைக் கொடியிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். மூத்தவள் தன் வீட்டுத் துணியை எடுக்கிற சாக்கில் ஏறிப் போனாள். வெளியே பேசமாட்டேன் என்று போட்ட கையெழுத்து ஞாபகத்தில் இருந்தது. கொஞ்ச நேரம் தலையணை உறைகளை மடித்தாள். பிறகு துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அந்த ‘எதுவுமில்லை’ நான் எழுதினது.”

“தெரியும்க்கா.”

“எப்படி?”

“‘தற்போதைய வகைப்பாட்டின்படி’ன்னு இந்த ஊர்ல வேற யாரு பேசுவாங்க. போன வாரம் பால் இருக்கான்னு அத்தை கேட்டதுக்கு, தற்போதைய நிலவரப்படி இல்லைன்னீங்க.”

மூத்தவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும், வேறு நாளாக இருந்தால். சொல்ல வந்தது இன்னும் பாக்கி இருந்தது. “உனக்கு எது வேணும்னு தெரிஞ்சுதான் எழுதினேன். அந்த லெட்டரப் படிக்கச் சொன்னதும் நான்தான்.”

இளையவள் கை நின்றது. “எங்க உறுப்பினர மடக்கவா?”

“இல்ல. உன்ன.”

அவள் ஒரு துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. சத்தம் போடுவாள் என்று மூத்தவள் எதிர்பார்த்தாள். போட்டிருந்தால் பதிலுக்குப் பேசியிருக்கலாம். டப்பாவைச் சொல்லியிருக்கலாம், கட்டுரையைச் சொல்லியிருக்கலாம்.

“என்மேல என்ன இருந்தாலும் என்கிட்டயே தீத்திருக்கலாமே. அந்த மெக்கானிக் மனுஷன் என்னக்கா பண்ணாரு” என்றாள் இளையவள். துணிக்கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

மூத்தவள் கொடியருகே நின்றாள். கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டாள். எல்லாம் தீர்ந்த பிறகும் இறங்க மனம் வரவில்லை. பத்து நிமிடம் கழித்து இளையவள் திரும்பி வந்தாள். கையில் ஒரு தாள். அந்தக் கேள்விக்கு அவள் எழுதிய முதல் வரைவு, தேதியோடு. அதில் இருந்தது ‘திருப்பி அனுப்பப்பட்ட’ என்றுதான். அதன்மேல் வேறொரு கையெழுத்து அடித்துவிட்டு ‘நிராகரிக்கப்பட்ட’ என்று எழுதியிருந்தது.

திருப்பி அனுப்பினார்கள் என்றால் தபால்காரர் வேலை மாதிரி சப்பென்று இருக்கிறது, நிராகரித்தார்கள் என்றால்தான் பேப்பரில் வரும் என்று உறுப்பினரே மாற்றினாராம். அவையில் தோற்றதும் அவளைத்தான் பார்த்தாராம். அவர் மாற்றியதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டாள் மூத்தவள். சொன்னால் வேலையே போகும், சொல்லாவிட்டால் கேள்வி எழுதுகிற வேலை மட்டும்தானே போகும் என்றாள் இளையவள்.

ஆக, மூத்தவள் மடக்கியது இளையவளின் பிழையை அல்ல. அவள் பிழையே செய்திருக்கவில்லை. இந்தச் செய்தி மூத்தவளை இன்னும் கொஞ்சம் எரித்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

“நீங்க எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம்க்கா. உங்க வேலைக்கு ஆகாது” என்றாள் இளையவள். “என் பழைய கேள்விய நான் மறுபடி குடுக்கறேன். வந்தா ஒழுங்காப் பதில் எழுதுவீங்களா?”

எழுதுகிறேன் என்றாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் படியிறங்கினார்கள்.

உறுப்பினரைச் சம்மதிக்க வைக்க இளையவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. சொல்லை மாற்றிக் கேட்டால் அமைச்சர் தப்ப முடியாது என்பது அவருக்கே தோன்றிய யோசனை மாதிரி ஆகும்வரை பேசினாள். மூன்றாவது வாரம் கேள்வி மூத்தவளின் மேசைக்கு வந்தது. அவள் குடியேற்ற அலுவலகத்துக்கு அனுப்பினாள். மறுநாளே பதில் வந்தது: ‘விவரங்கள் திரட்டப்பட்டு வருகின்றன.’

அந்த வாக்கியம் அவளுக்குப் புதிதல்ல. எத்தனையோ தடவை அவளே எழுதிக் கொடுத்த வாக்கியம். விவரங்கள் வருடக்கணக்கில் திரண்டுகொண்டே இருக்கும், திரண்டு முடிந்ததாக ஒருநாளும் யாரும் எழுதியதில்லை. காற்புள்ளி அதில் ஒரு காற்புள்ளியைச் சேர்த்து அனுப்பத் தயாராக இருந்தார். தானே போய் எண்ணிக்கொண்டு வருவதாகச் சொன்னாள். உங்களுக்கு ஏன் இந்த வேலை என்றார்.

“இப்பவும் மழுப்பினா பேப்பர்காரங்க போன பதிலையும் இதையும் சேத்துப் போடுவாங்க சார். யாரு ஒப்புதல் குடுத்தாங்கன்னு பாப்பாங்க. ரெண்டுலயும் உங்க கையெழுத்துதான்.”

காற்புள்ளி பேனாவைக் கீழே வைத்தார். மூன்று நாள் வெளிப்பணி என்று எழுதிக் கொடுத்தார்.

குடியேற்ற அலுவலகத்தின் பின்கட்டில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், திருப்பி அனுப்பியவற்றைக் குறித்து வைத்த அனுப்புகைப் பதிவேடுகள் இருந்தன. ஒவ்வொரு பக்கத்திலும் எண், பெயர், தேதி, காரணம் என்று கட்டங்கள். காரணம் என்ற கட்டத்தில் பாதிக்கு மேல் சின்னதாக ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தது. அவள் கோடுகளை எண்ணினாள். முதல் நாள் தும்மியே ஓய்ந்தாள். இரண்டாம் நாள் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டாள். எண்ண எண்ண மனது இரண்டு பக்கமும் இழுத்தது. ஒவ்வொரு கோட்டின் பின்னாலும் ஒரு வீடு பிரிந்து கிடக்கிறது என்று ஒரு நினைப்பு. நான் இங்கே தூசியைத் தின்று எண்ணுவது நாளைக்கு அவள் டப்பாவுக்குப் போகும் என்று இன்னொரு நினைப்பு. இரண்டாவது நினைப்பு வரும்போதெல்லாம் கணக்கு தவறிவிடும். பக்கத்தின் தலையிலிருந்து மறுபடி ஆரம்பிப்பாள். லிஃப்ட் மெக்கானிக்கின் பெயர் நான்கு இடத்தில் வந்தது. மூன்றாம் நாள் மாலை கூட்டிப் பார்த்தபோது ஆயிரத்து எழுநூற்றுப் பதினாறு.

விடையில் எண்ணை எழுதினாள். அதன் கீழே, இவை அனைத்தும் மூன்று மாதத்துக்குள் மறுபடி பரிசீலிக்கப்படும், இனிமேல் காரணம் எழுதாமல் எதுவும் திருப்பி அனுப்பப்படாது என்று ஒரு வரியை, அமைச்சர் விரும்பினால் என்ற குறிப்போடு சேர்த்தாள். காற்புள்ளிக்கு வியர்த்தது. அமைச்சர் முதலில் முகத்தைச் சுளித்தாராம். எண்ணை மட்டும் சொன்னால் திட்டு விழும், வரியையும் சேர்த்துச் சொன்னால் கைதட்டு விழும் என்று செயலாளர் எடுத்துச் சொன்னதும் இரண்டையும் வாசிக்கிறேன் என்றாராம்.

அப்படியே வாசித்தார். எண்ணைச் சொன்னார். இந்தத் தடவை யாரும் மேசையைத் தட்டவில்லை. உறுப்பினர் எழுந்து, இந்த எண்ணை வெளியே கொண்டுவந்த எங்கள் அலுவலகப் பெண்ணுக்கு நன்றி என்றார். அதிகாரிகள் மாடத்தில் மூத்தவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கை நடுவிரலில் மூன்று நாள் பேனா பிடித்த தடிப்பு இன்னும் இருந்தது.

மாமியார் அடுத்த வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டுச் செய்தி பார்த்தார். இளையவளுக்குக் கேள்வி எழுதுகிற வேலை திரும்பக் கிடைத்தது. மூத்தவள் எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினாள். கொஞ்சம் மெதுவாகத் தட்டினாள்.

ஐந்து மாதம் கழித்து ஒரு விடுமுறை நாள் காலையில் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தது மூத்தவள். லிஃப்ட் மெக்கானிக் நின்றார். பக்கத்தில் மனைவி, இருவருக்கும் நடுவில் மகள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்ளாமல் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவரோடு இன்னும் பழகவில்லை போலிருக்கிறது.

“நீங்க அங்க கவுன்ட்டர்ல...” என்றார் அவர்.

“ஆமா” என்றாள்.

இந்த வீட்டில் அவளைக் காண்போம் என்று அவர் நினைத்திருக்கவில்லை. கொஞ்சம் தயங்கி, “கேள்வி கேட்ட மேடம் இங்கதான் இருக்காங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க” என்றார்.

மாடி என்று கை காட்டினாள். பிறகு தானே கூட்டிக்கொண்டு போனாள். மாமியார் டப்பாக்களை எடுத்து வந்து மெக்கானிக்கின் மனைவியிடம் ஒவ்வொரு துண்டாகக் காட்டத் தொடங்கினார். அந்தப் பெண் இளையவளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அறையைக் காலி செய்த பிறகு தன் அக்கா வீட்டுக் கூடத்தில் ஆறு மாதம் படுத்திருந்ததைச் சொன்னாள். சொல்லி முடிக்காமல் அழுதாள். சிறுமிக்கு மூத்தவளின் மகள் தன் கலர் பென்சில்களைக் கொடுத்தாள். இளையவள் ஒரு தடவை மூத்தவளை ஏறிட்டுப் பார்த்தாள். அவளால் எதையும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அது மூத்தவளுக்குத் தெரியும். தெரிந்தும், சொல்லிவிடேன் என்று ஒரு கணம் மனது கெஞ்சியது.

டீ போட அவளே எழுந்தாள். இளையவளின் சமையலறையில் சர்க்கரை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் கொதிக்கும்போது கூடத்திலிருந்து மெக்கானிக்கின் குரல் கேட்டது. கேள்வி நீங்கள் எழுதுகிறீர்கள், பதிலை யார் எழுதுகிறார்கள், அமைச்சரேவா என்று கேட்டார்.

 மூத்தவள் அடுப்பைக் குறைத்தாள்.

“அதுக்குன்னு உள்ள ஆளுங்க இருக்காங்க” என்றாள் இளையவள். “நல்ல ஆளுங்க.”

மூத்தவள் டீயை வடிகட்டி டம்ளர்களில் ஊற்றினாள். நல்லவர்கள் என்று சொன்னது பிடித்துத்தான் இருந்தது. பன்மையில் சொன்னதுதான் பிடிக்கவில்லை.